படித்துப் பார்க்க ஒருவர்: விழிஞ்ஞத்தில் வீடு வாங்குவோரும் வக்கீல் தேர்வும்

கேரளத்தின் துறைமுக ஊரான விழிஞ்ஞத்தில் ஐந்து சென்ட் மனையும் அதில் ஒரு வீடும் வாங்குகிறவர், பதிவு நாள் வருவதற்குள் பலருக்குப் பணம் கொடுத்திருப்பார். இடத்தைக் காட்டிய தரகர் ஒருவர். ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதும் எழுத்துக்காரர் ஒருவர். கடன் வாங்கினால் வங்கியின் பட்டியலில் இருக்கும் வக்கீல். வில்லேஜ் ஆபீசுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் கோப்போடு அலைகிற ஒரு கையாள். நால்வரும் அவரவர் வேலையைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மண்ணின் கதையை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை, வாங்குகிறவருக்காக மட்டுமே உட்கார்ந்து படித்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது. சம்மன் வந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே தோன்றுகிறது.

லண்டனில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. அங்கே ஒரு சொலிசிட்டரோ உரிமம் பெற்ற கன்வேயன்சரோ தொடக்கம் முதல் சாவி கைமாறும் வரை முழு வேலையையும் தலையில் ஏற்றுக்கொள்கிறார். 1985-இல் வந்த ஒரு சட்டம் சொலிசிட்டர்களின் ஏகபோகத்தை உடைத்து இந்த இரண்டாம் வகையினரை உருவாக்கியது. கட்டணத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியும் 2018 டிசம்பரில் வந்துவிட்டது. நிலப் பதிவகத்தின் பதிவுக்கு அரசே பொறுப்பேற்பதால் படிக்க வேண்டிய பழைய ஏடுகளும் அங்கே குறைவு. இலங்கையில் நொத்தாரிசுதான் உறுதி எழுதுகிறார். எழுதுவதற்கு முன் காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் கடமையும், தரப்பினர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, அவருக்கே உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் ஆள் சட்டப்படி கிடையாது. வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே விழிஞ்ஞத்தில் எந்த வக்கீலைப் பிடிப்பது என்பதற்கு முன்னால், அவரிடம் என்ன வேலையைக் கொடுப்பது என்று தெளிய வேண்டியிருக்கிறது.

பதிவு அலுவலகம் சரிபார்த்துத்தானே முத்திரை வைக்கிறது என்ற நம்பிக்கையை முதலில் கழற்றி வைத்துவிடலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பார்ப்பது எழுதிக்கொடுப்பவர் அவர்தானா, மனமொப்பி எழுதினாரா, முத்திரைத் தீர்வை சரியா என்பவற்றைத்தான். அந்த நிலம் அவருடையதா என்பது அவருடைய கேள்வி அல்ல. தமிழ்நாடு 2022-இல் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்து, மூல ஆவணம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், கே. கோபி வழக்கில், அந்த விதியை ரத்து செய்துவிட்டது. உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்குச் சட்டத்தில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். உரிமையே இல்லாதவர் எழுதிக்கொடுத்தாலும் ஆவணம் பதிவாகும், உரிமை மட்டும் நகராது. கேரளத்துக்கும் இதே மத்தியச் சட்டம்தான்.

அடுத்து எழுத்துக்காரர். கேரளத்தில் ஆதாரம் எழுதுவோர் 1960-ஆம் ஆண்டின் உரிம விதிகளின்படி இயங்குகிறவர்கள். பெயரும் உரிம எண்ணும் ஆவணத்திலேயே இருக்கும். வக்கீல்களும் ஆதாரம் எழுதலாம், ஆனாலும் பெரும்பாலோர் போவது எழுத்துக்காரரிடம்தான். அதில் தவறில்லை. எல்லை விவரணை, பழைய சர்வே எண்ணுக்கு நேரான ரீசர்வே எண், நியாய விலைக் கணக்கு ஆகியவற்றில் பழுத்த எழுத்துக்காரருக்கு இருக்கும் கைத்தேர்ச்சி இளம் வக்கீல் பலருக்கு இராது. ஆனால் அவர் முன்னாதாரத்தைப் பார்த்து அடுத்த ஆதாரத்தை எழுதுகிறார். முன்னாதாரத்தில் பிழை இருந்தால் அதுவும் அழகான கையெழுத்தில் அடுத்ததற்கு ஏறிவிடும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அவரே பொது ஆள் என்பதையும் மறக்கக் கூடாது.

வங்கி வக்கீலின் சான்றைத்தான் நம் மக்கள் அதிகம் நம்புகிறார்கள். வங்கியே கடன் கொடுக்கிறது, பிறகென்ன பயம் என்பார்கள். வங்கி கொடுப்பது விலையில் ஒரு பங்கு மட்டும். மிச்சம் நம் கைப்பணம். இடம் கைவிட்டுப் போனால் கைப்பணமும் போகும், கடன் பாக்கியும் நம் தலையில்தான் நிற்கும். வங்கிக்கோ கடனாளியின் சம்பளமும் ஜாமீனும் கைவசம் உண்டு. பட்டியல் வக்கீலின் கட்சிக்காரர் வங்கி, வாங்குகிறவர் அல்ல. அவர் எழுதும் அபிப்பிராயத்தின் நகல்கூடப் பல நேரம் நம் கைக்கு வருவதில்லை. அந்த வக்கீலைக்கூடப் பிடிப்பது எளிதல்ல என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சி.பி.ஐ. எதிர் கே. நாராயண ராவ் வழக்கு காட்டுகிறது. ஐதராபாத்தில் வீட்டுக் கடன்களுக்குப் பிழையான சட்டக் கருத்து கொடுத்ததாக ஒரு வங்கிப் பட்டியல் வக்கீல் மீது சதிக் குற்றம் சாட்டப்பட்டது. கவனக்குறைவு வேறு, சதி வேறு, மோசடியில் அவருக்குத் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அவர் மீதான வழக்கு ரத்தானதை உறுதி செய்தது. சட்டப்படி அது சரியான தீர்ப்புதான். நமக்கு அதில் கிடைக்கும் செய்தி வேறு: யாருக்காகவோ எழுதிய காகிதத்தை வைத்து வீடு வாங்கக் கூடாது.

சரி, வாங்குகிறவருக்கென்று ஒரு வக்கீல் அமர்ந்துவிட்டார். விழிஞ்ஞத்தில் அவர் என்ன படிக்க வேண்டும்? இந்தக் கரையில் மண் பல அடுக்காக இருக்கிறது.

அடி அடுக்கு திருவிதாங்கூர். 1865-இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கு அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை கொடுத்தது. ஜன்மிகள் எனும் நிலவுடைமையாளர்களின் நிலத்தில் குடியாக இருந்தவர்களுக்கு விடிவு வர இன்னும் நூறாண்டு பிடித்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்தது. அப்போது நிலத் தீர்ப்பாயம் கொடுத்த கிரயச் சான்றையும் ஊரில் பட்டயம் என்றே சொல்வார்கள். அரசுப் புறம்போக்கை 1960-ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டப்படி ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்த காகிதத்துக்கும் பட்டயம் என்றுதான் பெயர். முதலாவது முழு உரிமை. இரண்டாவதில் குறிப்பிட்ட ஆண்டுகள் விற்கக் கூடாது, வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகள் இருக்கும். அவற்றை மீறியிருந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "பட்டயம் உண்டு சார்" என்று தரகர் சொல்லும்போது எந்தப் பட்டயம் என்று கேட்கத் தெரிந்தவரே நமக்கு வேண்டிய வக்கீல்.

அதற்கு மேல் குடும்பம். தறவாடு எனும் கூட்டுக் குடும்பத்தின் சொத்தாக இருந்து பாகம் பிரிந்த வீடுகளுக்கு, கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த 1975-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் 1976 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது ஒரு திருப்பம். அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2005-இன் இந்து வாரிசுரிமைத் திருத்தத்தோடு முரண்படுகின்றன, ஆகவே மகள்களுக்குப் பிறப்புரிமை உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது இன்னொன்று. கிறிஸ்தவர்களுக்கு மேரி ராய் வழக்கு. 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1951-இலேயே காலாவதியாகிவிட்டது, மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழிஞ்ஞம் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பற்றி இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய சட்டமே தென் தாலுகாக்கள் சிலவற்றின் லத்தீன் கத்தோலிக்கரிடையே ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கத்தை ஏற்றுக்கொண்டு, அவர்களைச் சில பிரிவுகளிலிருந்து விலக்கி வைத்திருந்தது. "அண்ணன்தம்பிகள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று இங்கே யாராவது சொன்னால் அது எந்தக் காலத்துக்கும் பொருந்தாத யோசனை. துறைமுகத்தை அடுத்து வாழும் இஸ்லாமியக் குடும்பங்களில் ஹிபா எனும் தானம் வாய்மொழியாகவே செல்லும். கொடுத்தவர் சொல்லி, பெற்றவர் ஏற்று, கைவசமும் மாறிவிட்டால் பதிவே தேவையில்லை. அது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது.

பதிவேட்டில் தெரியாதவை இன்னும் உண்டு. வில்லங்கச் சான்று, இங்கே குடிக்கடம், பதிவானவற்றை மட்டுமே காட்டும். மூல ஆதாரத்தை ஒரு வங்கியில் கொடுத்து வாங்கிய கடன் பதிவாகாமலே இருக்கலாம். அதைத் தேட 2011-இல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தைப் பார்க்க வேண்டும். கூட்டுறவு வங்கியில் எழுதும் கஹான் எனும் அடமானம் மட்டும் பெரும்பாலும் குடிக்கடத்தில் வந்துவிடும். நிலுவையில் இருக்கும் வழக்கு அங்கே வராது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவருக்கு அப்படியொரு வழக்கு இருப்பது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும். நீதிமன்ற இணையதளத்தில் விற்பவரின் பெயரையும் அவருடைய உடன்பிறந்தோர் பெயர்களையும் போட்டுத் தேடுவது ஓரிரு மணி நேர வேலை. விழிஞ்ஞத்தின் தாலுகாவான நெய்யாற்றின்கரையின் நீதிமன்றங்களில் தினமும் நிற்கிற வக்கீலுக்கு அதுவும் வேண்டாம், குடும்பப் பெயரைச் சொன்னாலே நினைவு வந்துவிடும்.

எத்தனை வருடத்துக்குத் தேடுவது? 13 ஆண்டு போதும் என்ற பழக்கம் பரவலாக இருக்கிறது. தனியார் ஒருவர் தம் நிலத்தை மீட்க வழக்குப் போடும் காலவரம்பு 12 ஆண்டு என்பதிலிருந்து வந்த கணக்கு அது. அரசுக்கோ 30 ஆண்டு அவகாசம் உண்டு. சுற்றிலும் கடல் புறம்போக்கும் துறைமுக நிலமும் இருக்கும் ஊரில் 13-இல் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 30 ஆண்டுக் குடிக்கடத்துக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு பொருட்டே அல்ல.

மூன்றாவது அடுக்கு கடல். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் முதலில் வந்தது, பிறகு 2011-இலும் 2019-இலும் மாறியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் பிடி நீளும். நகரப் பகுதிக்கு ஒரு விதி, கிராமப் பகுதிக்கு வேறு விதி. வீடு எந்த ஆண்டு கட்டியது, எந்த அறிவிக்கையின் கீழ் அனுமதி, வரைபடத்தில் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கடலோர வீட்டை வாங்கலாமா? மரடு நினைவில் இருக்கட்டும். கொச்சியை அடுத்த அந்த ஊரில் 2006-இல் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது, அடுத்த ஆண்டே விதி மீறல் என்று நோட்டீஸ் போனது, வழக்கு நீண்டது. இதற்கிடையில் குடும்பங்கள் வாங்கிக் குடியேறின. உச்ச நீதிமன்றம் 2019 மே 8-இல் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் வரை கிடைத்தது. வாங்கியவர்களிடம் பதிவான ஆதாரம் இருந்தது, வரி ரசீதும் இருந்தது. அனுமதிக் கோப்பில் என்ன தகராறு என்பதை மட்டும் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. விழிஞ்ஞத்தில் இதற்குச் சின்னதாக ஓர் அடையாளம் உண்டு. மாநகராட்சியின் டி.சி. என்று தொடங்கும் வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் யு.ஏ. என்று தொடங்கும் எண் இருந்தால், அது அனுமதியில்லாக் கட்டடத்துக்கு வரி வசூலிக்கக் கொடுத்த எண். மின் இணைப்பும் வரி ரசீதும் இருக்கும், கட்டடத்துக்குச் சட்ட அந்தஸ்து இராது.

கடலை விட்டுச் சற்று உள்ளே, வெங்ஙானூர், கல்லியூர் பக்கம், வெள்ளாயணிக் காயலை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வாங்குவோருக்கு 2008-இன் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றிருந்தால் அது வயல். வீடு கட்டத்தக்க மனை 'புரையிடம்'. நாகர்கோவிலிலிருந்து வந்து வாங்குகிறவர் ஆதாரத்தில் நிலம் என்று கண்டு திருப்தியடைந்தால் கதை முடிந்தது. தென்னை நிற்கிறதே, பக்கத்தில் வீடு இருக்கிறதே என்பதெல்லாம் கணக்கில் வராது. தரவு வங்கி எனும் பட்டியலில் அந்த சர்வே எண் உண்டா, இருந்தால் நீக்க 5-ஆம் படிவம், இல்லாவிட்டால் வகை மாற்ற 6-ஆம் படிவம், அதற்கு ஆகும் காலம் எவ்வளவு, எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி அடுக்கு புதிது, துறைமுகம். 2015 ஆகஸ்டில் அதானி குழுமத்தோடு ஒப்பந்தம், அந்த டிசம்பரில் வேலைத் தொடக்கம், 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல், 2025 மே 2-இல் பிரதமர் கையால் திறப்பு. துறைமுகத்தோடு நிலத்தின் விலை ஏறியது என்று எல்லாரும் சொல்வார்கள். விலையோடு ஏறிய இன்னொன்று நில எடுப்பு. பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, அதில் பெரும்பகுதி சுரங்கம். விழிஞ்ஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை வெளிவட்டச் சாலைத் திட்டம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-டி அறிவிக்கை அரசிதழில் வந்த கணத்தில் அந்த சர்வே எண் மத்திய அரசின் உடைமை. விற்பவரிடம் அதன்பின் விற்க ஒன்றும் இல்லை. மாநில அரசு 2013-இன் சட்டப்படி எடுத்தால், முதல் அறிவிக்கைக்குப் பிறகு ஆட்சியர் அனுமதியின்றி அந்த நிலத்தில் பரிவர்த்தனையே கூடாது. இவை குடிக்கடத்தில் வரும் என்று எண்ண வேண்டாம். அரசிதழையும் நில எடுப்புத் தாசில்தார் அலுவலகத்தையும் பார்க்க வேண்டும், பார்க்கிற பழக்கம் உள்ள வக்கீல் வேண்டும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு வீடு வாங்கினால் 5 லட்சம் அரசுக்கு. அதை மிச்சப்படுத்த, ஆதாரத்தில், அரசு நிர்ணயித்து 2010 முதல் இருக்கும் நியாய விலையை ஒட்டி ஒரு தொகை, மீதி கையில் ரொக்கம் என்பார்கள். ரொக்கமாக 20,000 ரூபாய்க்கு மேல் கைமாறினாலே வருமான வரிச் சட்டம் பிடிக்கும். வழக்கு வந்து பணம் திரும்பக் கிடைத்தாலும் ஆதாரத்தில் எழுதிய தொகைதான் கிடைக்கும். விழிஞ்ஞத்தில் இதற்கு மேலும் ஒரு தண்டனை உண்டு. நில எடுப்பு இழப்பீட்டைக் கணக்கிட அரசு எடுத்துப் பார்ப்பது அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டில் பதிவான விற்பனை விலைகளை. குறைத்து எழுதிய ஒவ்வொரு ஆதாரமும் எழுதியவருக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இழப்பீட்டைக் குறைக்கும். "விலையைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று தாமே யோசனை சொல்கிற வக்கீலிடமிருந்து கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி? விளம்பரம் உதவாது. இந்திய பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தொழில் பிரிவு போன்ற சில விவரங்கள் மட்டும் போட 2008 முதல் அனுமதி. வக்கீல்களைத் தரவரிசைப்படுத்திக் காட்டும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே நட்சத்திரங்களையும் மதிப்பெண்களையும் நம்பிப் பயனில்லை. தரகர் பரிந்துரைக்கும் வக்கீலையும் தவிர்க்கலாம். அந்த வக்கீல் கெட்டவர் என்பதால் அல்ல. பேரம் முடிந்தால்தான் தரகருக்குக் கூலி, அடுத்த கட்சிக்காரர் அந்தத் தரகரிடமிருந்துதான் வர வேண்டும் என்றால் "வாங்காதீர்கள்" என்ற சொல் வக்கீலின் வாயில் எளிதில் வராது.

என் கணிப்பில் மிகச் சிறந்த வழி, அந்தத் தாலுகா நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகளும் உரிமை வழக்குகளும் நடத்துகிற சிவில் வக்கீலைத் தேடுவது. விழிஞ்ஞம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கிறது. திருவனந்தபுரம் நகரத்தில் என்றால் வஞ்சியூர் நீதிமன்றம். ஆதாரங்கள் எந்த இடத்தில் உடைகின்றன என்று நீதிமன்றத்தில் பார்த்தவருக்கே புது ஆதாரத்தில் எங்கே விரிசல் என்று தெரியும். ஆதாரம் எழுதுவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட வக்கீலும், குற்ற வழக்கில் புகழ் பெற்ற வக்கீலும் இதற்குப் பொருத்தம் குறைவு. கேரள பார் கவுன்சிலில் அவருடைய பதிவைச் சரிபார்ப்பது முறைக்காகச் செய்யும் வேலை, அதையும் விட வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சிக்கல் மொழி. 1956 நவம்பர் 1 வரை கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், குமரி மாவட்டத்து முதிய வக்கீல்கள் பலருக்கு மலையாள ஆதாரமும் கொல்லம் ஆண்டுக் கணக்கும் தண்ணீர்பட்ட பாடு. 2011 முதல் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடச் சட்டம் இடம் தருவதால், மார்த்தாண்டத்து வக்கீலை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் 1956-க்குப் பிறகு இரு பக்கச் சட்டமும் பிரிந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா பழக்கத்தோடு வருகிறவர் தண்டப்பேர் எனும் வரிக் கணக்கு எண், தரவு வங்கி, அடிஸ்தான நிகுதிப் பதிவேடு எனும் அடிப்படை வரிப் பதிவேடு என்று கேட்க மறந்துவிடுவார். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தமிழில் விளக்கிச் சொல்லும் கேரள வக்கீல்கள் இருக்கிறார்கள். நல்லது, அவர்களிடமே போகலாம்.

முதல் சந்திப்பிலேயே ஆளை எடைபோட ஒரு வழி உண்டு. அவர் என்னென்ன காகிதம் கேட்கிறார் என்று கவனித்தால் போதும். ஆதாரம், குடிக்கடம், கரம் ஒடுக்கிய, அதாவது நில வரி கட்டிய, ரசீது மூன்றோடு நிறுத்தினால் அவர் வங்கிக்குப் பழகியவர். முன்னாதாரங்களின் அசலையும், இறந்தவர்களின் வாரிசுச் சான்றையும், கட்டட அனுமதியையும், கைவசச் சான்றையும், ரீசர்வே வரைபடத்தையும் கேட்டு, இடத்தைப் போய்ப் பார்த்தீர்களா, இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்றும் விசாரித்தால் உட்காரலாம். கேரளம் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையும், பதிவு, வருவாய், அளவை மூன்றையும் இணைத்து 2024 அக்டோபரில் வந்த 'என்டெ பூமி' தளமும் இந்த வேலையைச் சுலபமாக்கியிருக்கின்றன. அளவை முடிந்த கிராமமா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அளவைக்குப் பின் ஐந்து சென்ட் நாலே முக்காலாகும் கதைகள் உண்டு.

அபிப்பிராயம் எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் "எல்லாம் ஓகே" என்பது அபிப்பிராயம் அல்ல. எந்தெந்த ஆவணத்தின் அசலைப் பார்த்தேன், எதன் நகலை மட்டும் பார்த்தேன், எந்த ஆண்டு வரை பின்னோக்கிப் போனேன், எங்கே குறை, அதை எப்படித் தீர்ப்பது என்று இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக ஆவணப் பட்டியல் போட்டுவிட்டுக் கடைசியில் 'மேற்கண்டவை உண்மையெனில் உரிமை சரி' என்று முடிக்கும் கருத்துகளும் உண்டு. அவை வக்கீலைக் காப்பாற்ற எழுதியவை. விற்பவருக்கும் அவரே வக்கீலா என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு நிற்கக் கூடாது என்பதே பார் கவுன்சில் விதி.

எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். பெரும்பாலோர் கரார் எனும் விற்பனை ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வக்கீலிடம் வருகிறார்கள். அப்போது அவரால் செய்யக்கூடியது வருத்தப்படுவது மட்டும். கரார் எழுதுவதற்கு முன்பே அவர் கோப்பைப் பார்க்க வேண்டும். அவசரம் என்றால், வக்கீலின் கருத்து பாதகமாக வந்தால் இத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கராரில் ஏற வேண்டும். அந்த வரிக்கு விற்பவர் காட்டும் முகபாவம் தனியான ஒரு ஆவணம்.

கட்டணத்தில் கஞ்சத்தனம் பிடிக்கிறவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: வக்கீல் தவறினால் ஈடு வாங்கும் வழி இங்கே குறுகியது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14-இல் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சிலில் புகார் செய்தால் கண்டனம், இடைநீக்கம், பெயர் நீக்கம் வரை போகலாம். போன பணத்தை வசூலித்துத் தருவது அதன் வேலை அல்ல. மிஞ்சுவது சிவில் வழக்கு. பின்னால் ஈடு கிடைக்காது என்பதால் முன்னால் கூடுதலாகச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. 5 லட்சம் முத்திரைக்கும் பதிவுக்கும் கொடுக்கிறவர், அதில் சிறு பங்கைப் படிக்கிறவருக்குக் கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரிவதில்லை. கடலரிப்பில் வீடிழந்து புனர்கேகம் எனும் அரசு மறுவாழ்வுத் திட்டத்தின் 10 லட்சத்தோடு இடம் தேடும் மீனவக் குடும்பத்துக்கு அந்தச் சிறு பங்கும் பெரிய தொகை. உண்மையில் அவர்களுக்குத்தான் படிப்பவர் அதிகம் தேவை, ஏனென்றால் அந்தப் பணம் இரண்டாம் முறை வராது. சட்டப் பணிகள் ஆணையத்தின் தாலுகாக் குழுவில் இலவச ஆலோசனை கேட்க வழி இருக்கிறது.

விற்பவருக்கும் வக்கீல் வேண்டுமா? வேண்டும், வேறு காரணங்களுக்காக. தமக்குத் தெரிந்த, வாங்குபவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறைகளை அவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. மறைத்தால் மோசடி. மூல ஆதாரத்தை அட்வான்ஸ் அன்றே கையில் கொடுத்துவிடுவது, எந்தக் காலத்திலும் எந்த நட்டத்துக்கும் நானே பொறுப்பு என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவது, இரண்டும் விற்பவர்களின் வழக்கமான சறுக்கல்கள். வளைகுடாவிலிருந்து முக்த்யார் எனும் அதிகாரப் பத்திரம் மூலம் விற்பவர்கள் அதிகம் உள்ள ஊர் இது. முக்த்யார் எழுதியவர் பதிவு நாளன்று உயிரோடு இருக்க வேண்டும். அவர் இறந்த கணமே அந்த அதிகாரமும் போகும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் வாங்குகிறவர் மூலதன ஆதாய வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், உள்நாட்டில் வசிப்பவர் விற்கும்போது விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடிக்கும் கணக்கு அங்கே செல்லாது. பிடிக்காவிட்டால் வரித்துறை வருவது வாங்கியவரின் வாசலுக்கு. வெளிநாடு வாழ் இந்தியர் வாங்கினாலோ, விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் அவருக்குக் கூடாது.

வக்கீலோடு பேசும்போது வேலை எங்கே முடிகிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவோடு முடிவதாகவே பலர் நினைக்கிறார்கள். 1966-இன் விதிகளின்படி போக்குவரவு எனும் வருவாய்ப் பதிவுப் பெயர் மாற்றம் நடந்து புதிய தண்டப்பேர் விழ வேண்டும், வாங்கியவர் பெயரில் கரம் ஒடுக்கி ரசீது வர வேண்டும், மாநகராட்சியில் கட்டடத்தின் உரிமையாளர் பெயர் மாற வேண்டும், விற்றவரின் பழைய கடன் தீர்ந்ததற்கான பதிவும் செர்சாயில் ஏற வேண்டும். கட்டணத்தின் கடைசித் தவணையை இந்தக் காகிதங்கள் கைக்கு வரும் நாளோடு கட்டிப்போட்டுப் பேசினால், ஒப்புக்கொள்ளும் வக்கீல்கள் நெய்யாற்றின்கரையிலும் வஞ்சியூரிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.